அலையேறப் போகிறவருக்கு ஒரு ஃப்ளாஸ்க் வெந்நீர்

சென்னையை அடுத்த கோவளத்திலோ மாமல்லபுரத்திலோ இலங்கையின் அறுகம் குடாவிலோ முதன்முதலாகச் சர்ஃப் போர்டைத் தூக்கிக்கொண்டு வருபவர் கேட்கும் முதல் கேள்வி, "சுறா இருக்குமா?" கேட்க வேண்டிய கேள்வி வேறு: "இன்னைக்குச் சொறி ஒதுங்கியிருக்கா?" சொறி என்றால் ஜெல்லிமீன். வங்கக் கடல் ஓரத்தில் அலையேறுபவரைக் கொட்டுவதும் குத்துவதும் கீறுவதும் பெரும்பாலும் சிறிய உயிர்கள். அதுவும் நடுக்கடலில் அல்ல. இடுப்பளவு நீரில், பல நேரம் முழங்காலளவு நீரில். பயப்பட வேண்டிய இடம் தெரிந்துவிட்டால் தயார் ஆவது கடினமில்லை.

இறங்குவதற்கு முன் பத்து நிமிடம்

வந்ததும் போர்டை மணலில் வைத்துவிட்டு அலை ஒதுக்கிய கோட்டை ஒட்டி இரண்டு பக்கமும் நூறு நூறு அடி நடந்து பாருங்கள். கடலுக்குள் என்ன மிதக்கிறது என்பதைக் கடலே கரையில் எழுதி வைத்திருக்கும். நீல நிறத்தில், ஊதிய பலூன் போலச் சிறு பைகள் கிடந்தால் அது 'போர்ச்சுகீசியப் போர்க்கப்பல்' எனப்படும் நீலச் சொறி. பொத்தான் அளவு நீல வட்டுகளும் அதோடு சேர்ந்து ஒதுங்கும். சில ஆண்டுகளில் நீல டிராகன் என்கிற சின்னஞ்சிறு கடல் நத்தையும் வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு சென்னை பெசன்ட் நகர்க் கரையில் அது காணப்பட்டது. பார்க்க நகை போல இருக்கும், குழந்தைகள் கையில் எடுத்துவிடுவார்கள். எடுக்கக் கூடாது. நீலச் சொறியைத் தின்று அதன் கொட்டும் செல்களைத் தன் உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும் உயிர் அது.

இவை மூன்றும் நீர்ப்பரப்பில் காற்றோடு போகிறவை. காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் அவற்றின் பயணம். ஆகவே கிழக்கிலிருந்து கொண்டல் இரண்டு மூன்று நாள் விடாமல் வீசியிருந்தால் கிழக்குக் கரையில் அவை ஒதுங்க வாய்ப்பு அதிகம். கரையில் பத்தடிக்கு ஒன்று கிடக்கிறதென்றால் அன்று நீரில் இறங்காதீர்கள். அலை எவ்வளவு அழகாக இருந்தாலும்.

பக்கத்தில் கரைவலை இழுத்தால் அங்கே நின்று கேளுங்கள். வலையில் சொறி எவ்வளவு விழுந்தது, பாம்பு வந்ததா, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்கு அன்றைக்கான கணக்காகத் தெரியும். எந்தச் செயலியும் இதைச் சொல்லாது. இன்னொன்றும் கவனியுங்கள்: வலையிலிருந்து கழித்துப் போட்ட கெளுத்தி, திருக்கை வால், பேத்தை எல்லாம் மணலில் கிடக்கும். செத்த கெளுத்தியின் முள்ளும் குத்தும், விஷமும் அதில் இருக்கும். கடலுக்குள் ஒன்றும் ஆகாமல் திரும்பி வந்து, மணலில் கெளுத்தியை மிதித்து ஆஸ்பத்திரிக்குப் போவது நடக்கிற காரியம்தான். நீர் விளிம்பு வரை செருப்புப் போட்டு நடங்கள்.

முகத்துவாரம் பக்கத்தில் இருந்தால், வடகிழக்குப் பருவமழையில் அது வெட்டிக்கொண்டு ஓடும் நாட்களில் அந்தப் பழுப்பு நீருக்குள் போக வேண்டாம். கோவளத்துக்கு வடக்கே முட்டுக்காடு அப்படிப்பட்ட இடம். நிலத்துப் பாம்பு, மரக்கட்டை, சாக்கடை எல்லாம் அதில் வரும். அடியில் என்ன இருக்கிறது என்பதும் தெரியாது. நீர் தெளிந்த பிறகு இறங்கலாம்.

ஃப்ளாஸ்க் எதற்கு

திருக்கை, கெளுத்தி, கல்மீன், கடல் முள்ளெலி, நீலச் சொறி ஆகிய ஐந்துக்கும் முதலுதவியில் பொதுவான மருந்து வெந்நீர். இவற்றின் விஷத்தில் பெரும்பகுதி வெப்பத்தில் சிதையும் புரதம்; வெப்பம் வலியையும் அடக்கும். வேண்டிய சூடு 45 டிகிரி செல்சியஸ். அதற்குக் கீழே பலன் குறைவு, மேலே போனால் தோல் வெந்துபோகும்.

ஒரு லிட்டர் ஃப்ளாஸ்கில் கொதிக்கக் கொதிக்க ஊற்றி எடுத்து வாருங்கள். இரண்டு மூன்று மணி நேரம் கழித்தும் தரமான ஃப்ளாஸ்கில் நீர் 85, 90 டிகிரியில் இருக்கும். அதில் ஒரு பங்கும், 30 டிகிரி உள்ள சாதாரணக் குழாய் நீர் மூன்று பங்கும் கலந்தால் கிட்டத்தட்ட 45 டிகிரி வரும். ஒரு லிட்டரிலிருந்து நாலு லிட்டர். கால் முழுகும் அளவு ஒரு பிளாஸ்டிக் வாளிக்கு இது போதும். ஆறினால் மேலே சேர்க்க டீக்கடையில் வெந்நீர் கேட்டு வாங்குங்கள்.

சூட்டை அடிபடாத காலை வைத்துத்தான் பார்க்க வேண்டும். வலியில் துடிக்கும் காலுக்குச் சூடு தெரியாது. அப்படித்தான் முள் குத்திய காலில் கொப்புளமும் சேர்கிறது. ஒருவர் அரை நிமிடம் தாங்கக்கூடிய அதிகபட்சச் சூடு என்பதே அளவு. சர்க்கரை நோயால் காலில் மரப்பு உள்ளவர்களுக்கு வேறொருவர் தொட்டுப் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

ஃப்ளாஸ்கோடு ஒரு பையில் இவையும் இருக்கட்டும்: அரை லிட்டர் சமையல் வினிகர், முனை தட்டையான இடுக்கி, 10 செ.மீ. அகல எலாஸ்டிக் கிரேப் பேண்டேஜ் இரண்டு சுருள், சுத்தமான துணி, இரண்டு லிட்டர் குடிநீர், முனை மழுங்கிய சிறு கத்தி, உறை போட்ட போன். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 என்ற ஆம்புலன்ஸ் எண் கூட வந்த எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

காலடியில் இருப்பவை

திருக்கை யாரையும் துரத்திக் குத்துவதில்லை. ஆழமில்லாத நீரில், மணலைத் தன் மேல் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும். அதன் முதுகில் மிதித்தால் வாலைச் சுழற்றும். வாலில் உள்ள ரம்பப் பல் போன்ற முள் கணுக்காலிலோ பாதத்தின் மேற்புறத்திலோ ஏறும். கடல் அமைதியாக, அலை சின்னதாக இருக்கும் நாட்களில் கவனம் கூடுதலாக வேண்டும், புதிதாகக் கற்பவர்கள் நடந்து நடந்து போவது அப்போதுதான்.

தடுக்கும் முறை எளிது. காலைத் தூக்கி வைத்து நடக்காதீர்கள். மணலை உழுவது போலப் பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து நகருங்கள். அதிர்வு தெரிந்ததும் திருக்கை விலகிப் போய்விடும். போர்டிலிருந்து இறங்கும்போது நின்றபடி தொப்பென்று குதிக்காமல், உடம்பைப் பரப்பி மட்டமாக விழுங்கள். ஆழமில்லாத இடத்தில் இது முள்ளையும் தவிர்க்கும், சுளுக்கையும் தவிர்க்கும். இடுப்பளவு நீர் வந்ததுமே போர்டில் படுத்துத் துடுப்பு வலிப்பது போலக் கையால் தள்ளிப் போவது இன்னும் நல்லது.

குத்திவிட்டால்:

1. கரைக்குக் கொண்டு வந்து உட்கார வையுங்கள். ரத்தம் அதிகம் கொட்டினால் முதலில் துணியை வைத்து அழுத்துங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.
2. பாதத்தில் மேலாகத் தெரியும் முள் துண்டை இடுக்கியால் எடுக்கலாம். மார்பு, வயிறு, கழுத்து, தொடை இவற்றில் ஏறிய முள்ளைத் தொடவே கூடாது. அது ரத்தக் குழாயை அடைத்துக்கொண்டு நிற்கலாம், பிடுங்கினால் உயிர் போகும். அப்படியே அசையாமல் துணி சுற்றி 108.
3. சுத்தமான நீரால் கழுவி, 45 டிகிரி நீரில் முக்குங்கள். அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை. எடுத்ததும் வலி திரும்பினால் மறுபடி முக்கலாம்.
4. காயத்தை ஒட்டவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. வலி அடங்கினாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். உள்ளே முள் உடைந்து தங்கியிருக்கிறதா என்று எக்ஸ்ரே, டெட்டனஸ் ஊசி இரண்டையும் கேளுங்கள்.

கெளுத்திக்கும் இதே முறைதான். அதன் முள் முதுகில் ஒன்று, இரு பக்கத் துடுப்பில் ஒவ்வொன்று. பின்னோக்கிய பற்கள் இருப்பதால் நேராக இழுத்தால் சதை கிழியும்.

பாறையடி உள்ள இடங்களில் கடல் முள்ளெலி. கறுப்பு நிற நீள முள் ஊசி போல ஏறி உள்ளே ஒடிந்துவிடும். வெந்நீரில் ஊறவைத்த பிறகு, வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும் ஏறிய கோட்டிலேயே இழுத்து எடுங்கள். ஊசி வைத்துக் கிண்டுவதும் கல்லால் தட்டி நொறுக்குவதும் துண்டுகளை உள்ளே பரப்பிவிடும். மூட்டுக்குப் பக்கத்தில் ஏறியிருந்தால் சிறியதாக இருந்தாலும் மருத்துவர்தான் எடுக்க வேண்டும். தோலில் கருநீலக் கறை மட்டும் நின்றால் கவலை இல்லை, அது முள்ளின் சாயம். ஓரிரு நாளில் மறையும். மறையாவிட்டால் முள் உள்ளே இருக்கிறது.

கொட்டலசும் சிப்பியும் ஒட்டிய பாறையில் உரசிய கீறலை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. ஆனால் அதில்தான் பிறகு சீழ் பிடிக்கிறது. நல்ல நீரையும் சோப்பையும் வைத்து, மென்மையான பிரஷ்ஷால் மணல் துகள் போகும்வரை கழுவுங்கள்; எரியும், பரவாயில்லை. ஒரு நாளுக்குள் சிவப்பு பரவினாலோ, காயத்துக்குப் பொருந்தாத அளவு வலித்தாலோ, கொப்புளமோ காய்ச்சலோ வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. கடல் நீரில் வாழும் விப்ரியோ என்ற பாக்டீரியா மணிக்கணக்கில் சதையை அழிக்கக்கூடியது. கல்லீரல் நோய், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். "கடலில் பட்ட காயம்" என்று மருத்துவரிடம் சொல்ல மறக்காதீர்கள். அந்த ஒரு வார்த்தை மருந்தையே மாற்றும்.

சொறி

சொறியின் கையிழைகள் முழுக்க நுண்ணிய கொட்டும் செல்கள். தோலில் ஒட்டிய இழையில் பெரும்பாலான செல்கள் இன்னும் வெடிக்காமல் காத்திருக்கும். தேய்த்தால், மணல் போட்டுத் துடைத்தால், நல்ல நீர் ஊற்றினால் அவையும் வெடிக்கும். கரையில் நிற்பவர்கள் அன்போடு செய்யும் உதவி பாதி நேரம் இதுதான். சிறுநீர் ஊற்றுவதும் பயன் தராது.

நீலச் சொறியின் இழை பல மீட்டர் நீளும். அது லீஷில் (போர்டைக் காலோடு கட்டும் கயிறு) சுற்றிக்கொள்ளும், போர்டின் மெழுகில் ஒட்டிக்கொள்ளும், அறுந்து மிதந்தாலும் கொட்டும். கரைக்கு வந்ததும் லீஷைப் பார்க்காமல் கழற்றினால் அடுத்தது கை. கண்ணைக் கசக்காதீர்கள்.

கொட்டியதும் நீரைவிட்டு வெளியே வாருங்கள். கடல் நீரையே ஊற்றி இழையைக் கழுவிவிடுங்கள், மிச்சத்தை இடுக்கியால் எடுத்துப் போடுங்கள். பிறகு 45 டிகிரி வெந்நீர் இருபது நிமிடம். வெந்நீர் இல்லையென்றால் பிளாஸ்டிக் பையில் கட்டிய ஐஸ்.

வினிகர் எப்போது? பெட்டிச் சொறிக்கு. அது கண்ணாடி போல ஒளிபுகும், மணி வடிவ உடல், நாலு மூலை. நீரில் இருக்கும்போது பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. கொட்டிய இடத்தில் சாட்டையால் அடித்தது போலத் தடித்த கோடுகள் விழும். அதற்கு முதலில் வினிகரை முப்பது விநாடி தாராளமாக ஊற்ற வேண்டும். அது வெடிக்காத செல்களை முடக்கும், வலியைக் குறைக்காது. நீலப் பையைக் கண்ணால் பார்த்தீர்கள் என்றால் வினிகர் வேண்டாம், கடல் நீரும் வெந்நீரும் போதும். கொட்டியது எதுவென்றே தெரியாவிட்டால் நம் வெப்ப மண்டலக் கடலில் வினிகரை முதலில் ஊற்றுவதே பாதுகாப்பு.

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாந்தி, முதுகிலும் வயிற்றிலும் பிடிப்பு, அளவுக்கு மீறிய வியர்வை: இவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்காதீர்கள். மயங்கி மூச்சு நின்றால் உடனே மார்பை அழுத்தும் சிபிஆர் தொடங்க வேண்டும். அலையேறுபவர்கள் ஒவ்வொருவரும் அதைக் கற்றிருக்க வேண்டும் என்பது எங்கள் அழுத்தமான கருத்து.

ரேஷ் கார்டுக்கு (அலையேறும்போது போடும் ஒட்டிய சட்டை) உள்ளே மட்டும் சிவப்புப் பொரியாக அரித்தால் அது துணிக்குள் சிக்கிய சொறிக் குஞ்சுகள். இதில் எல்லோரும் செய்யும் தவறு, துணியோடு ஷவரில் நிற்பது. நல்ல நீர் பட்டதும் சிக்கியவை அத்தனையும் கொட்டும். முதலில் துணியைக் கழற்றுங்கள், பிறகு குளியுங்கள். துணியைச் சூடான நீரில் சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். சும்மா உலர்த்தி மறுநாள் போட்டால் மறுபடி அரிக்கும்.

கடல் பாம்பு

மூச்சு விட மேலே வரும். சில நேரம் போர்டை ஏதோ மிதக்கும் கட்டை என்று பார்க்க வருவது போல நெருங்கும். கையையும் காலையும் போர்டின் மேல் எடுத்துவைத்து அசையாமல் இருங்கள், போய்விடும். நீரை அடித்து விரட்டுவது, போர்டின் அடியில் உள்ள துடுப்பான ஃபின்னால் தள்ளுவது இரண்டும் கூடாது. வால் துடுப்பு போலத் தட்டையாக இருந்தால் அது கடல் பாம்பு. விலாங்கா பாம்பா என்று சந்தேகம் வந்தால் பாம்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். கரைவலையில் வந்து மணலில் கிடக்கும் பாம்பு செத்தது போலத் தெரிந்தாலும் தொடாதீர்கள்.

கடி அரிது. ஆனால் கடித்தால் வலிக்காது, வீங்காது. அதுதான் இதன் ஆபத்து. அரை மணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் தசை வலி, தாடை இறுக்கம், இமை சரிதல், விழுங்க முடியாமை, பிறகு சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போவது என்று வரும். முள் தைத்தது என்று நினைத்து வீட்டுக்குப் போய்ப் படுப்பவர்களுக்குத்தான் மோசமாகிறது.

இங்கே வெந்நீரும் வேண்டாம், வினிகரும் வேண்டாம். ஆளை நடக்கவிடாமல் படுக்க வையுங்கள். கிரேப் பேண்டேஜை விரல் நுனிப் பக்கத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கி முழுக் காலுக்கும் சுற்றுங்கள். சுளுக்குக்குக் கட்டும் இறுக்கம், விரல் நீலமாகக் கூடாது. ஒரு கட்டையை வைத்துச் சேர்த்துக் கட்டி அசைவை நிறுத்துங்கள். கீறுவது, உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்குவது எதுவும் கூடாது. பேண்டேஜை ஆஸ்பத்திரியில்தான் அவிழ்க்க வேண்டும்.

எந்த ஆஸ்பத்திரி என்பதும் முக்கியம். இந்தியாவில் பரவலாகக் கிடைக்கும் பாம்பு விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கானது. கடல் பாம்புக்கு அல்ல. வென்டிலேட்டரும் டயாலிசிஸும் உள்ள பெரிய ஆஸ்பத்திரிதான் உயிரைக் காப்பாற்றும். ஆம்புலன்ஸில் ஏற்றும்போதே "கடல் பாம்பு" என்று சொல்லுங்கள்.

அறுகம் குடாவில் முதலை

மே முதல் அக்டோபர் வரை பொத்துவில் பக்கம் அலைப் பருவம். அங்கே கடலைவிடக் களப்புதான் (கடலை ஒட்டிய உப்பங்கழி) கவனிக்க வேண்டிய இடம். அங்குள்ள அலையேறும் இடம் ஒன்றுக்கு முதலைப் பாறை என்ற பெயர் சும்மா வந்ததல்ல. உவர்நீர் முதலை, சதுப்பு முதலை இரண்டும் இலங்கையில் உண்டு. 2017 செப்டம்பரில் பிரித்தானிய இளைஞர் ஒருவர் இங்குள்ள களப்பு ஓரத்தில் முதலையால் கொல்லப்பட்டார். அலையில் அல்ல, நீர் விளிம்பில்.

ஆகவே உப்பைக் கழுவக் களப்பில் இறங்காதீர்கள், போர்டையோ கையையோ அங்கே அலசாதீர்கள். களப்பும் கடலும் சேரும் இடத்தைக் கடக்க வேண்டுமென்றால் நல்ல வெளிச்சத்தில், உள்ளூர் ஓட்டோக்காரரிடமோ மீனவரிடமோ கேட்டுவிட்டு, கூட்டமாகக் கடங்கள். விடியும் முன்னும் பொழுது சாய்ந்த பின்னும் வேண்டாம். கடலிலேயே முதலை தெரிந்தால் கூச்சலிட்டுச் சிதறாமல் எல்லோரும் சேர்ந்து, நீரை அடிக்காமல் கரைக்கு வாருங்கள். அன்று அந்த இடம் முடிந்தது. பாணமைப் பக்கம் போகும் வழியில் யானை நிற்கும் என்பதையும் சேர்த்தே சொல்லிவைக்கிறோம். போர்டோடு ஸ்கூட்டரில் அந்தியில் போகாதீர்கள்.

ஓங்கிலும் சுறாவும்

ஓங்கில் (டால்பின்) கூட்டம் வந்தால் போர்டில் உட்கார்ந்து பாருங்கள். அவற்றை நோக்கிப் போகாதீர்கள், குறுக்கே மறிக்காதீர்கள். குட்டியோடு வந்தால் இன்னும் விலகுங்கள். ஓங்கில் இருந்தால் சுறா வராது என்பது வெறும் நம்பிக்கை. இரண்டும் ஒரே மீன் கூட்டத்தைத்தான் தேடி வரும். ஆலாப் பறவைகள் நீரில் பாய்ந்து பாய்ந்து விழுகின்றன, சின்ன மீன்கள் துள்ளுகின்றன என்றால் அங்கே கீழே பெரியது ஏதோ இரை தின்கிறது. நூறு மீட்டர் தள்ளிப் போய் உட்காருங்கள். இருட்டில் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு அலையேற வேண்டாம். முரல் மீன் வெளிச்சத்தை நோக்கி ஈட்டி போலப் பாயும்.

பங்குனி ஆமை: இங்கே ஆபத்து நாம்

ஜனவரி முதல் ஏப்ரல் வரை முட்டையிட வரும் சிற்றாமையைத் தமிழ்நாட்டுக் கரையில் பங்குனி ஆமை என்பார்கள். நாற்பது கிலோ எடை, இரண்டடிக்குக் கொஞ்சம் மேலே ஓடு. நுரையீரலால் மூச்சுவிடும் உயிர், அடிக்கடி தலையைத் தூக்கியாக வேண்டும். 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. வலையில் சிக்கி மேலே வர முடியாமல் மூச்சுமுட்டிச் சாவதே இப்படிப்பட்ட சாவுகளுக்கு முக்கியக் காரணம். இதற்கு மேல் நம் ஃபின்னும் ஒரு காரணம் ஆகக் கூடாது.

இந்த மாதங்களில் அலை பிடிக்கும் முன் முகப்பை ஒரு பார்வை பாருங்கள். தலை தெரிந்தால் அந்த அலையை விடுங்கள். ஏறிவிட்ட பிறகு தெரிந்தால் அலையின் முதுகுப் பக்கம் திருப்பி வெளியேறுங்கள். போர்டை நழுவவிட்டுக் குதித்தால் அது ஆமை மேல் போகும். மேலே அசையாமல் மிதப்பது நோயாக இருக்க வேண்டியதில்லை. ஓய்வாக இருக்கலாம், இணை சேர்ந்திருக்கலாம். சுற்றி வளைத்துப் படம் எடுக்காதீர்கள். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் இது. பிடிப்பதும் துன்புறுத்துவதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

அறுந்த வலையில் சிக்கிய ஆமையைக் கண்டால், உங்கள் லீஷ் அந்த வலையில் மாட்டாதபடி விலகி நின்று முதலில் உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள். ஆழத்தில் தனியாக முயல வேண்டாம். கரையோரம் என்றால், துடுப்பைப் பிடித்து இழுக்காமல் ஓட்டின் இரு பக்கமும் பிடியுங்கள். கழுத்துப் பக்க இழையை முதலில், மழுங்கிய முனை உள்ளே இருக்கும்படி வைத்து அறுங்கள். சதைக்குள் இறங்கிய இழையை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள். ஆமை சோர்ந்திருந்தால் கடலில் திருப்பித் தள்ளாதீர்கள், மூழ்கிவிடும். நிழலில், வயிறு கீழே இருக்கும்படி வைத்து, ஓட்டின் மேல் ஈரத்துணி போடுங்கள். மூக்கை மூடக் கூடாது, தண்ணீர் புகட்டக் கூடாது. கூட்டத்தையும் நாய்களையும் தள்ளி நிறுத்துங்கள். வனத்துறைக்குச் சொல்லும்போது இடம், நேரம், உயிரோடு இருக்கிறதா, ஓட்டில் வெட்டு உண்டா என்ற நான்கையும் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை ஒருவராவது அதன் பக்கத்தில் இருங்கள்.